பர்மா தேக்குக்குப் பெயின்ட் வேண்டாம்

பட்டாபிராம், ஆவடி பக்கம் பழைய வீடு இடிபட்டால் மரச்சாமான்கள் தெருவுக்கு வந்துவிடுகின்றன. கடைசல் கால் கட்டில், கை நீண்ட சாய்வு நாற்காலி, கண்ணாடிக் கதவு அலமாரி. வாங்குகிறவர்கள் 'வின்டேஜ் லுக்' வேண்டுமென்று வெள்ளையோ வெளிர்நீலமோ அடித்து, மூலைகளை உப்புத்தாளால் தேய்த்து வைக்கிறார்கள். இதற்கென்றே ஆனி ஸ்லோன் என்பவர் 1990இல் இங்கிலாந்தில் சாக் பெயின்ட்டைக் கொண்டுவந்தார். பெரும்பாலும் மரத்தைத் தேய்க்காமலே பிடித்துக்கொள்ளும். மேலே மெழுகு பூசினால் வேலை முடிந்தது. மாமரம், வேம்பு, பைன் என்றால் தாராளமாக அடிக்கலாம். தேக்குக்குக் கூடாது.

*

1852 பர்மியப் போருக்குப் பின் கீழ் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ரங்கூன், மோல்மேன் துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகத் தேக்கு வந்தது. பர்மா தேக்கு என்றால் செட்டிநாட்டுத் தூண்களைச் சொல்கிறோம். சென்னை வீட்டு அலமாரியும் அதே மரமாக இருக்கலாம். அடிப்பலகையில் மறைவான இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். தேன் நிறமும் எண்ணெய்ப் பசையும் தெரிந்தால் பெயின்ட் டப்பாவை மூடிவிடுங்கள்.

*

பட்டாபிராமில் ரயிலேறினால் சென்னையில் இறங்குவது மூர் மார்க்கெட் வளாகத்தில். பழைய சாமான் தேடி ஊரே போன மூர் மார்க்கெட் சந்தை 1985 மே மாதம் எரிந்தது. இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறார்கள்.

*

பழைய பாலிஷ் எது என்று அறிய: பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஓரத்தில் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அதை முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை, புது அரக்கு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். வார்னிஷும் மெலமைனும் இப்படி இணங்காது. இந்த ஒரு குணத்துக்காகவே அரக்கு எனக்குப் பிடிக்கும்.

புரச மரக் கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி சுரப்பது அது. ஜார்க்கண்டிலிருந்து நிறைய வருகிறது. அரக்குச் செதிலை இரவெல்லாம் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். மெல்லிய பூச்சுகள், பல முறை. ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். ஈரக்காற்றில் பாலிஷ் வெளுத்துப் பூக்கும்.

*

நிறம் நம் மரவேலைக்குப் புதிதல்ல. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானைக் கடைசலில் சுழலவிட்டு வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே நிறம் உருகி ஏறும். அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் ஒரு சாதா முக்காலியில் பார்க்க ஆசை.

*

ஏற்கெனவே பெயின்ட் அடித்த பழைய சாமானா? எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்வாகத் தேய்த்தால் தூசி குழந்தைகளின் மூச்சில் போகும். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, மாஸ்க் போட்டு, கழிவைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

*

பிரம்புப் பின்னல் அறுந்த நாற்காலிக்கு பிளைவுட் அடித்துவிடுகிறார்கள். வேண்டாம். சட்டத்தில் உள்ள துளைகளைப் பட்டி வைத்து அடைக்காமல் விட்டால் போதும். பின்னத் தெரிந்தவர் கிடைக்கும்போது அதே துளைகளில் புதுப் பிரம்பைக் கோத்துவிடலாம்.