ஆறேழு கஜத் தூரம்

நீண்ட பயணத்தைத் திட்டமிடுவது எளிது; குறுகிய பயணத்தைத் திட்டமிடுவதே கடினம். ஒரு மாதம் தங்கப்போகிறவர் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நம்பலாம். மூன்று இரவுகள் மட்டும் தங்குபவரோ, எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டியவராகிறார். அந்த விட்டுவிடுதலை எந்த அளவுகோலைக் கொண்டு செய்கிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் குணமே வெளிப்பட்டுவிடும். இங்கிலாந்தின் யார்க் நகரில் சில நாள் தங்கத் திட்டமிட்டபோது எங்கள் குடும்பம் கற்றுக்கொண்ட பாடம் இது.

எங்கள் மகள் லீட்ஸ் நகர மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றுகிறாள். நானும் என் துணைவியாரும் மூன்று மாதம் அவளோடு தங்கியிருக்க வந்திருக்கிறோம். இந்த இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளி முதல் திங்கள் வரை அவளுக்கு விடுப்புக் கிடைத்தது. லீட்ஸிலிருந்து யார்க்குக்கு இரயிலில் ஏறத்தாழ அரைமணி நேரந்தான். ஆயினும் காலையில் போய் மாலையில் திரும்புவதை மகள் விரும்பவில்லை. "அம்மா நடுவில் படுத்து ஓய்வெடுக்க ஓர் இடம் வேண்டும் அப்பா. அங்கேயே ஒரு காட்டேஜ் எடுத்துத் தங்குவோம்" என்றாள்.

இத்தனை ஊர்கள் இருக்க யார்க்கை நாங்கள் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. என் துணைவியாரின் திருமுழுக்குப் பெயர் மார்கரெட். 1970ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல், இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் மறைசாட்சிகள் நாற்பது பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களுள் ஒருவர் யார்க் நகரத்து இறைச்சிக் கடைக்காரரின் மனைவியான மார்கரெட் கிளித்தரோ. அப்போது பள்ளிச் சிறுமியாக இருந்த என் துணைவியார், தம் பெயரில் இன்னொரு புனிதை இருக்கிறார் என்று கன்னியர் சொல்லக் கேட்டாராம். துறவி அல்லர், அரசி அல்லர், கடையும் வீடும் பிள்ளைகளுமாக வாழ்ந்த ஒரு குடும்பப் பெண் என்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றுமுதல் அந்த ஊரைப் பார்க்கும் ஆசை அவர் நெஞ்சில் இருந்துவந்தது.

ஆனால் இன்று அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். கைத்தடியின்றி வெளியே செல்ல இயலாது. நூறடி நடந்தால் சற்று உட்கார வேண்டும். படிகளைக் கண்டால் நின்றுவிடுவார்.

மகள் ஆர்வத்தோடு முதல் திட்டத்தை எழுதினாள். யார்க் பேராலயத்தின் நடுக்கோபுரத்திற்கு 275 படிகள். நகரைச் சுற்றி ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள மதிலின்மேல் நடை. கிளிஃபோர்டு கோபுரத்திற்கு 55 படிகள். ஊஸ் ஆற்றில் படகு. இரயில்வே அருங்காட்சியகம். கற்கள் பாவிய குறுகிய வீதிகள். மூன்று நாளும் ஒரு நாழிகை வீணாகாதபடி எழுதியிருந்தாள். அன்பினால் எழுதப்பட்ட பட்டியல் அது.

என் துணைவியார் மூக்குக்கண்ணாடியை அணிந்து அதை முழுவதும் வாசித்தார். பிறகு தாளை மடித்து மகளிடமே கொடுத்தார். "நன்றாக இருக்கிறதம்மா. நீயும் அப்பாவும் போய் வாருங்கள். எனக்கு இங்கே வீட்டில் ஒரு குறையும் இல்லை" என்றார்.

அந்தக் குரலில் கோபம் இல்லை, வருத்தங்கூட இல்லை. அதுதான் என் மனத்தைத் தைத்தது. முதுமை நம்மை ஒரே நாளில் வீட்டுக்குள் அடைத்துவிடுவதில்லை. முதலில் மலைமேல் உள்ள ஆலயத்தின் திருவிழாவை விடுகிறோம். பிறகு மாடியில் நடக்கும் திருமண விருந்துகளை விடுகிறோம். பின்பு பேருந்தில் ஏறிச் செல்ல வேண்டிய துக்க வீடுகளை விடுகிறோம். ஒவ்வொரு முறையும் "நீங்கள் போய் வாருங்கள்" என்ற ஒரே வாக்கியந்தான். மற்றவர்களும் அதைத் தியாகம் என்று பாராட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இப்படி எத்தனை தாய்மார் நம் வீடுகளில் சன்னலோரம் அமர்ந்திருக்கிறார்கள்!

அன்றிரவு எனக்குத் தொடக்க நூலில் வரும் யாக்கோபின் நினைவு வந்தது. பிரிந்திருந்த அண்ணன் ஏசா அவரைச் சந்தித்து, சேர்ந்தே பயணம் செய்வோம் என்று அழைக்கிறார். யாக்கோபு பணிவோடு மறுக்கிறார். பிள்ளைகள் இளையவர்கள், மந்தையில் பால் கொடுக்கும் ஆடுமாடுகள் உள்ளன, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் அவை மடிந்துபோகும், ஆகவே அவற்றின் நடைக்கு ஏற்ப மெல்லவே வருகிறேன் என்கிறார். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய கால்களே பயணத்தின் வேகத்தைத் தீர்மானிக்கட்டும் என்பதே அவர் கண்ட ஒழுங்கு. மறுநாள் காலை மகளிடம் இதைச் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு ஒரு புதிய தாளை எடுத்து வந்தாள்.

அந்தத் தாளில் எழுதிய முதல் கேள்வி, எத்தனை இடங்கள் என்பதன்று. எத்தனை படிகள் என்பதே. கேள்வி மாறியதும் நகரமே மாறிவிட்டது.

முதலில் காட்டேஜ். இங்கு இத்தகைய வீடுகளை வார இறுதியில் வெள்ளி முதல் மூன்று இரவுகளுக்கோ, வார நாள்களில் திங்கள் முதல் நான்கு இரவுகளுக்கோ வாடகைக்கு விடுவது பெருவழக்கு. பிற்பகலில் நுழைந்து கடைசி நாள் காலையில் வெளியேற வேண்டும். சமையலை நாமே செய்துகொள்ளலாம். விளம்பரப் படங்களில் கணப்படுப்பும் பூந்தொட்டிகளும் அழகாகக் காட்சியளிக்கும். ஆனால் அந்தப் பழைய வீடுகளின் மாடிப்படிகள் ஏணியைப்போல் செங்குத்தானவை. படுக்கையறையும் பல வேளைகளில் குளியலறையும் மேலேதான் இருக்கும். படிக்கட்டின் படத்தை எவரும் போடுவதில்லை. ஆகவே மகள் வீட்டுக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கத் தொடங்கினாள். படுக்கையறை தரைத்தளத்தில் உண்டா? வாசலில் எத்தனை படி? கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? வாடகைக் கார் வாசல்வரை வருமா? பகல் வேளையில் நகர மையத்தின் பல வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால் கடைசிக் கேள்வி மிகவும் இன்றியமையாததாயிற்று.

ஆற்றங்கரையில் ஒரு வீடு எங்கள் மூவர் மனத்தையும் கவர்ந்தது. சன்னலைத் திறந்தால் ஊஸ் ஆறு. ஆனால் அந்த ஆறு சாதுவானதன்று. மேற்கே உள்ள யார்க்ஷயர் பள்ளத்தாக்குகளில் பெய்யும் மழையை ஸ்வேல், யூர், நிட் ஆகிய ஆறுகள் திரட்டி வந்து இதில் சேர்க்கின்றன. 2000ஆம் ஆண்டு நவம்பரில் நீர்மட்டம் வழக்கத்தைவிட ஏறத்தாழ 5.4 மீட்டர் உயர்ந்தது. 2015 டிசம்பரிலும் நகரின் பல பகுதிகள் மூழ்கின. கிங்ஸ் ஸ்டெய்த் என்னும் படகுத்துறையில் உள்ள பழைய மதுவிடுதியின் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் குறித்தே வைத்திருக்கிறார்கள். விரைந்து ஓடக்கூடியவர்கள் ஆற்றோரம் தங்கலாம். நாங்கள் சற்று மேட்டில் தேடினோம்.

இறுதியில் மிக்கிள்கேட் வாயிலுக்கு வெளியே ஒரு வரிசை வீட்டின் தரைத்தளம் கிடைத்தது. வாசலில் ஒரே படி. இரயில் நிலையமும் அருகில்தான். செய்தியைக் கேட்டதும் என் துணைவியார் தலை நிமிராமலே, "அங்கே பெரிய பாத்திரம் இருக்குமா, இல்லை நம் குக்கரைக் கொண்டுபோக வேண்டுமா?" என்று கேட்டார். நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வரப்போகிறார் என்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

அதன்பின் பட்டியலை மூவருமாகவே எழுதினோம். வேடிக்கையான ஊர் அது. வைக்கிங்குகள் ஆண்ட காலத்து மொழியின் எச்சமாகத் தெருக்களைக் 'கேட்' என்று அழைக்கிறார்கள்; மதிலின் வாயில்களுக்கோ 'பார்' என்று பெயர். எங்கள் வீட்டுக்கு மிக அருகிலேயே பார் கான்வென்ட் உள்ளது. கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டிருந்த 1686இல் மேரி வார்டு அம்மையாரின் வழிவந்த கன்னியர் தொடங்கிய இல்லம் அது. 1769இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் சிற்றாலயத்திற்கு அழகான குவிமாடம் உண்டு. ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டுக்கூரைதான் தெரியும். ஆபத்து வந்தால் மக்கள் தப்பிச் செல்ல எட்டு வழிகள் வைத்தார்கள். புனித மார்கரெட்டின் கை அங்கேதான் திருப்பண்டமாகப் பாதுகாக்கப்படுகிறது. அன்னை தெரேசா தம் துறவு வாழ்வைத் தொடங்கிய லொரெட்டோ சபையும் மேரி வார்டின் வழியில் மலர்ந்ததே என்று நான் சொன்னதும், "அப்படியானால் நாம் உறவுக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் தங்குகிறோம்" என்றார் துணைவியார்.

பேராலயத்திற்குச் சனிக்கிழமையை ஒதுக்கினோம். சமயச் சீர்திருத்தக் காலத்திலிருந்து அது ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆலயம். ஞாயிறு காலையில் வழிபாடுகள் நடப்பதால் சுற்றிப் பார்க்கச் சனிக்கிழமையே ஏற்றது. 275 படிகளை அடித்துவிட்டோம். அதற்குப் பதில் கிழக்குப் பெருஞ்சாளரத்தின்முன் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பது என்று எழுதினோம். காவென்ட்ரி நகரத்து ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் 1405 முதல் 1408 வரை மூன்றாண்டுகளில் அதை முடித்துக் கொடுத்து 56 பவுண்டு ஊதியம் பெற்றார். உலகத்தின் படைப்பும் திருவெளிப்பாட்டின் காட்சிகளும் 300க்கு மேற்பட்ட கண்ணாடிப் பலகைகளில் விரிகின்றன. அவற்றைக் கழற்றிச் செப்பனிட்டு மீண்டும் பொருத்தும் பணி 2018இல் நிறைவுற்றது. ஓடுகிறவர்களுக்கு அது வெறும் வண்ணம்; அமர்ந்திருப்பவர்களுக்கே அது மறையுரை.

மதில்நடையை மகளுக்கு மட்டும் வைத்தோம். ஞாயிறு காலையில் அவள் ஒரு சுற்று நடந்து வரட்டும். நாங்கள் இருவரும் காப்பி போட்டுவைத்துக் காத்திருப்போம். மெதுவாக நடப்பவருக்காக எல்லாரும் கால்களைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை; ஒருவரும் கைவிடப்படாமல் இருந்தால் போதும். பிறகு பேராலயத்தின் அருகிலுள்ள புனித வில்ஃபிரட் கத்தோலிக்க ஆலயத்தில் மூவரும் திருப்பலிக்குச் செல்வோம்.

கிளிஃபோர்டு கோபுரத்தின் 55 படிகளையும் அடித்தோம். ஆனால் அந்தப் பெயரைத் துணைவியார் நீக்கவிடவில்லை. அவ்விடத்தில் இருந்த மரக்கோட்டையில் 1190ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், கொலைவெறிக் கூட்டத்திற்கு அஞ்சித் தஞ்சம் புகுந்த ஏறத்தாழ 150 யூதர்கள் மாண்டுபோனார்கள். சூழ்ந்து நின்றவர்கள் கிறிஸ்தவர்கள். அடிவாரத்தில் நினைவுக்கல் உள்ளது என்று வாசித்துச் சொன்னேன். "மேலே ஏறிப் பார்க்க வேண்டாம். கீழே நின்று செபித்துவிட்டு வருவோம்" என்றார் அவர். 55 படிகள் ஏறுவதைவிட அது கடினமான காரியம்.

எஞ்சியது மார்கரெட் கிளித்தரோ. இறைச்சிக் கடைகள் நிறைந்திருந்த ஷாம்பிள்ஸ் தெருவில் அவருக்கு ஒரு சிறு செபக்கூடம் உண்டு. அவர் வாழ்ந்த வீடு எதிர்ச்சாரியில் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. கரடுமுரடான கற்கள் பாவிய தெரு என்பதால் அங்கே கையைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். ஆனால் அவரது கதையின் முடிவு ஊஸ் பாலத்தில். குருக்களுக்கு அடைக்கலம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டபோது அவர் வழக்காட மறுத்தார். விசாரணை நடந்தால் தம் பிள்ளைகளே சாட்சி சொல்ல நேரும் என்பதால். அதற்குரிய தண்டனை, பாரங்களின்கீழ் நசுக்கிக் கொல்லப்படுவது. 1586 மார்ச் 25ஆம் நாள் அது நிறைவேறியது. அவருடைய ஆன்ம குருவான அருட்தந்தை ஜான் மஷ் எழுதிய வரலாற்றின்படி, பாலத்தின்மேலிருந்த சிறையிலிருந்து கொலைக்களத்திற்கு ஆறேழு கஜத் தூரந்தான். அதை அவர் வெறுங்காலோடு நடந்தார். தம் காலணிகளை முன்னமே மூத்த மகளுக்கு அனுப்பிவிட்டார், தம் அடிச்சுவட்டில் அவள் நடக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக. அந்த மகள் பின்னாளில் லுவேன் நகரில் கன்னியரானார்.

இதை நான் வாசித்து முடித்ததும் வீட்டில் அமைதி நிலவியது. துணைவியார் தம் கால்களைப் பார்த்தார். "ஆறேழு கஜமா? அவ்வளவு தூரம் என்னாலும் நடக்க முடியும்" என்றார்.

இன்றுள்ள பாலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. பழைய பாலமும் சிறையும் மறைந்துவிட்டன. வாகனம் செல்லும் பாலமாதலால் காரில் அருகே இறங்கிக்கொள்ளலாம். திங்கட்கிழமை காலை, வீட்டைக் காலி செய்தபின், இரயிலுக்குமுன் அங்கே செல்வது என்று எழுதினோம். மகள் அதன்கீழே கோடிட்டாள்.

எங்கள் திட்டம் இப்போது ஐந்தே வரிகள். படகும் அருங்காட்சியகமும் அதில் இல்லை. ஒரு நகரத்தின் பெரும்பகுதியைப் பாராமலே திரும்பப்போகிறோம். ஆயினும் பாதையின் நீளத்தால் பயணத்தை அளக்கிறவர்களுக்கு அந்தப் பாலத்தின் ஆறேழு கஜம் ஒரு விடை சொல்கிறது. உங்கள் வீட்டிலும் "நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லும் குரல் ஒன்று இருக்கக்கூடும். அடுத்த பயணத்திற்குத் தாளை எடுக்கும்போது முதல் வரியை அவரிடமே கேட்டு எழுதுங்கள்.