இரண்டு கிலோ விதை நெல்லும் ஒரு பழைய லேப்டாப்பும்



ஆண்டு மலருக்கு எழுதுங்கள் என்றதும் பாதிப் பேர் கவிதையோடு கிளம்பிவிட்டீர்கள். மரத்தடியையும் மழையையும் கவிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுதப்போவது பழைய லேப்டாப், பென்டிரைவ், ஸ்க்ரூ டிரைவர், அப்புறம் லினக்ஸ். சிரிக்காதீர்கள்! நம்மில் பலருக்கு டிப்ளமோ ஒழுங்காக முடிவதும் இழுத்தடிப்பதும் இந்த மாதிரி விஷயங்களில்தான் இருக்கிறது.

நாற்பதாயிரமா, இரண்டாயிரமா?

ஜூன் 12 என்றால் நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மேட்டூர் திறக்கிற நாள். 2024-ல் அன்றைக்குத் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். போர்செட் இருந்தவர்கள் குறுவை போட்டார்கள். எங்களுக்குப் போர்செட் கிடையாது. சம்பா செலவுக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. அதே நேரத்தில் எனக்கு இரண்டாம் ஆண்டு ஆரம்பம். சி புரோகிராம், சர்க்யூட் வரைவது, ரெக்கார்டு… லேபில் கிடைக்கிற நேரம் எந்த மூலைக்கு? சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது என்ற நிலை.

வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தது. அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தால் டெல்டாவில் எத்தனையோ கூரை வீடுகளுக்குள் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பத்து வருஷம் ஆகிவிட்டதே! ஆன் செய்துவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். "தம்பி, இது செத்த மாடு. நாப்பதாயிரத்துல புதுசு எடுத்துக்குங்க. மாசத் தவணை போட்டுத் தர்றேன்" என்றார். அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அந்த மௌனம் எனக்குப் புரிந்தது. அடகு வைக்க இன்னொரு தோடு இல்லை.

விடுதியில் ஒரு சீனியர் அண்ணன். அவரிடம் லேப்டாப்பைக் கொண்டு போனேன். புரட்டிப் பார்த்தார். "டேய், மாடு சாகலைடா. போடுற தீவனம்தான் அதுக்கு ஒத்துக்கலை" என்றார். ஒரு பென்டிரைவைச் சொருகினார். ஹார்டு டிஸ்கைத் தொடாமலே பென்டிரைவிலிருந்து லினக்ஸ் எழும்பியது. இதற்கு 'லைவ்' என்று பெயர். வைஃபை வந்தது, சத்தம் வந்தது, எல்லாக் கீயும் அடித்தது. "உசுரு இருக்கு. டிஸ்க்தான் தேஞ்சு போச்சு, மெமரி பத்தலை. ரெண்டை மட்டும் மாத்து" என்றார்.

128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, பழைய 4 ஜிபி மெமரி ஒன்று. மெமரி சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு நண்பனின் பையில் வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் சேர்த்து இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. உள்ளே விசிறியைத் திறந்தால் ஒரே தூசி! களத்து ஓரத்து வீடுதானே, அறுவடைக்கு அறுவடை பதரும் தூசியும் ஏறி அடைத்திருக்கிறது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிராசசர் மேல் புதுப் பசை தடவி மூடினோம். அந்த லேப்டாப்பில்தான் இரண்டு வருஷ ரெக்கார்டும், பிராஜெக்ட்டும், இந்தக் கட்டுரையும்.

பச்சை அட்டை நோட்டு

'அண்ணன் கெட்டிக்காரர்' என்று நீங்கள் நினைக்கலாம். அவரைக் கேட்டால் கெட்டிக்காரத்தனம் தன்னிடம் இல்லை, நோட்டில் இருக்கிறது என்பார்.

எங்கள் விடுதியில் லாங் சைஸ் நோட்டு ஒன்று உண்டு. பச்சை அட்டை. யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யார் எந்தச் சாமானை வாங்கினாலும் அதில் நாலு வரி எழுத வேண்டும். என்ன வாங்கினாய், உள்ளே என்ன சிப், எந்த லினக்ஸில் போட்டாய், ஓடியதா இல்லையா. அவ்வளவுதான்.

எனக்கு மெமரி வாங்கும்போது அந்த நோட்டுதான் காப்பாற்றியது. 'டிடிஆர் 3' என்று கேட்டால் கடையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று 1.5 வோல்ட், இன்னொன்று 1.35 வோல்ட். சில லேப்டாப்புகள் 1.35-ஐ மட்டும்தான் ஏற்கும். மற்றதைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். இதை எனக்கு முன்னால் யாரோ காசு கொடுத்துக் கற்றுக்கொண்டு, 'ஓடலை' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். அந்தச் சிவப்பு மைக்கு நான் என்றும் கடன்பட்டவன். 'ஓடிச்சு' என்று எழுத எல்லோருக்கும் ஆசை. ஆனால் 'ஓடலை' என்று எழுதுகிறவன்தான் அடுத்தவன் பணத்தை மிச்சம் பண்ணுகிறான்.

நோட்டில் விலை எழுதும் பத்தியும் ஆரம்பத்தில் இருந்திருக்கிறது. பிறகு யாரோ அடித்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? விலை காய்கறி மாதிரி. 2025 கடைசியில் பாருங்கள், செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் உலகம் முழுக்க மெமரி விலை எகிறியது. நான் கொடுத்த விலையை இன்றைக்குச் சொன்னால் கடைக்காரர் அடிக்க வருவார்! ஆனால் சிப் நம்பர் அப்படியேதான் இருக்கிறது. விலை மாறும், சிப் மாறாது.

நோட்டிலிருந்து கொஞ்சம்

எல்லாவற்றையும் இங்கே எழுத இடம் இல்லை. முக்கியமானவை மட்டும்:

1. பழைய மிஷின் வாங்கப் போகும்போது லைவ் பென்டிரைவைக் கையோடு கொண்டுபோ. வைஃபை, சத்தம், கேமரா, கீபோர்டு எல்லாவற்றையும் கடையிலேயே பார். பார்க்க விடமாட்டேன் என்றால் அந்தக் கடையே வேண்டாம்.

2. 64 பிட்டா என்று முதலில் கேள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் பிசியில் நிறுவ முடியாது. 'எல்எஸ்-சிபியு' என்ற கட்டளை அடித்தால் உண்மை தெரிந்துவிடும்.

3. யுஎஸ்பி வைஃபை வாங்கினால் பெட்டியைப் பார்க்காதே, சிப்பைப் பார். அதே பெயர், அதே பெட்டி. 'வெர்ஷன் 1'-ல் ஒரு சிப், 'வெர்ஷன் 2'-ல் வேறொன்று வைத்து விற்பதும் உண்டு. ஏதெராஸ் ஏஆர் 9271 சிப் என்றால் லினக்ஸ் கெர்னலிலேயே அதற்கு டிரைவர் இருக்கிறது, சொருகினால் போதும். டிரைவரைத் தனியாகப் போட வேண்டிய சிப் என்றால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

4. மலிவு ஆர்டுயினோ போர்டுகளில் பெரும்பாலும் சிஎச் 340 சிப். அதற்கும் கெர்னலில் டிரைவர் உண்டு. ஆனாலும் 'போர்ட் திறக்க அனுமதி இல்லை' என்று வரும். உன் பெயரை 'டயல்-அவுட்' குழுவில் சேர்த்து, லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வா. (இது மகளிர் விடுதித் தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தது. இதற்காக ஒரு ராத்திரி முழுக்க போர்டை மாற்றி மாற்றிப் பார்த்தோமே, பாவிகள் நாங்கள்!)

5. மெமரி 2 ஜிபிதான் என்றால் ஆன்டி-எக்ஸ், பப்பி மாதிரி இலேசானதைப் போடு. 4 ஜிபி என்றால் லுபுண்டு, அல்லது எக்ஸ்எஃப்சிஇ போட்ட டெபியன். அழகு பார்த்து ஏமாறாதே.

6. சாஃப்ட்வேருக்குத் திருட்டு சிடி தேட வேண்டாம். சர்க்யூட் வரைய கீகேட். வரைந்ததை ஓட்டிப் பார்க்க இ-சிம், நம் ஐஐடி பம்பாய்க்காரர்கள் செய்தது. ரெக்கார்டுக்கு லிப்ரே ஆபீஸ். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையா? அதே ஐஐடி பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தமிழ்க் குரலிலேயே லினக்ஸும் சி-யும் சொல்லித் தருகிறது.

உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோகேட் லினக்ஸில் நேரடியாக ஓடாது. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் லிப்ரேகேட், ஃப்ரீகேடில் கைப்பழக்கம் செய்துகொண்டு, ஆட்டோகேட் பயிற்சிக்கு லேபைத்தான் நம்ப வேண்டும். லினக்ஸ் எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்கிறவனை நம்பாதீர்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், நம்மைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், தன் பிசிக்காக ஒரு கெர்னல் எழுதினார். 1992-ல் அதை ஜிபிஎல் என்ற உரிமத்தில் விட்டார். அந்த உரிமம் ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஒரே நிபந்தனை: திருத்தியதை இன்னொருவருக்குக் கொடுத்தால் மூலநிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும், உனக்குக் கிடைத்த உரிமை அவருக்கும் போக வேண்டும்.

இண்டர்நெட் குதிரைக்கொம்பாக இருந்த 1990-களில் 'பிசி குவெஸ்ட்' இதழோடு வந்த குறுந்தகடுதான் நம் நாட்டில் பலருக்கு முதல் லினக்ஸ். ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் நகல் எடுத்துக்கொள்வார்கள். அது குற்றமும் அல்ல! அப்புறம் உபுண்டுக்காரர்கள் 2011 வரைக்கும் தபாலில் இலவசமாகவே சிடி அனுப்பினார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் மாதாமாதம் கூடிப் பேசியது. விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. 2012 ஜனவரியில் 'கணியம்' என்ற மின்னிதழ் பிறந்து, லினக்ஸைத் தமிழிலேயே எழுதத் தொடங்கியது. நம் டெல்டாவுக்கும் இதில் பங்கு உண்டு. திருவாரூரில் கலெக்டராக இருந்து அரசு அலுவலகங்களுக்குள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த சி. உமாசங்கர், பின்னாளில் எல்காட் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தபோது அங்கே லினக்ஸைப் புகுத்தினார்.

ஆனால் இந்த வழக்கத்தைப் புரிந்துகொள்ள நாம் ஹெல்சிங்கி வரைக்கும் போக வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஆதிரெங்கம் போனால் போதும்!

'நெல்' ஜெயராமன் அய்யாவைத் தெரியாதவர் நம் பக்கத்தில் உண்டா? நம்மாழ்வார் வழியில் வந்தவர். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்று காணாமல் போய்க்கொண்டிருந்த நெல் ரகங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். காசு வேண்டாம். அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் கொடுத்த ரகங்கள் இன்றும் வயலில் நிற்கின்றன. விதையைப் பத்தாயத்தில் பூட்டி வைத்தால் ஒரு வீட்டோடு போகும். பத்து வயலில் இருந்தால் ஒரு வயல் வெள்ளத்தில் போனாலும் ஒன்பது நிற்கும்.

நம் பச்சை நோட்டும் அதேதான். எனக்கு இரண்டாயிரத்தில் கம்ப்யூட்டர் கிடைத்தது பொருள் மலிவு என்பதால் மட்டும் அல்ல. எனக்கு முன்னால் இருந்தவர்கள் தாங்கள் பட்ட பாட்டை எழுதி வைத்தார்கள். விஷயம் தெரியாதவனுக்குத்தான் மலிவுச் சாமான் ரொம்ப விலை. வாங்கி வாங்கித் தூக்கி எறிவான். தெரிந்தவன் பக்கத்தில் இருந்தால் பரணில் கிடப்பதும் பொன்.

ஜூனியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இன்னும் சில வாரங்களில் நாங்கள் கிளம்புகிறோம். நோட்டில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. எழுதுகிற கை குறைந்துகொண்டே வருகிறது. 'போனில் தேடினால் எல்லாம் வருமே' என்கிறீர்கள். வரும்தான். ஆனால் அது எங்கோ இருக்கிறவன் மிஷின். உன் அக்காவுக்கு வந்த அதே மாடல், உன் கையில் இருக்கிற அதே டாங்கிள், அதைப் போட்டுப் பார்த்தவன் பக்கத்து அறையில் இருக்கிறான். இந்த வசதி எந்தத் தேடலில் வரும்?

காலமும் நமக்குச் சாதகம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத எத்தனையோ நல்ல மிஷின்களை இனிமேல் அலுவலகங்களில் ஓரம் கட்டுவார்கள். அவற்றில் பல, லினக்ஸ் போட்டால் இன்னும் ஐந்தாறு வருஷம் உழைக்கும். வீட்டிலும் உறவிலும் கேட்டு வையுங்கள்.

இந்த ஆண்டு மலர் வெளிவரும் நாளில் பச்சை நோட்டை மாணவர் சங்க அறையில் வைக்கப் போகிறோம். கூடவே ஒரு அட்டைப் பெட்டி. அதில் இரண்டு லைவ் பென்டிரைவ், ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், உபரியாகக் கிடந்த மெமரி, அடாப்டர்கள். பூட்டு கிடையாது. யாரும் எடுக்கலாம். கையெழுத்து வேண்டாம், காசு வேண்டாம். நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். 'ஓடலை' என்றாலும் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

நாங்கள் வைத்துவிட்டுப் போவது இரண்டு கிலோ. நான்கு கிலோவாக்குவது உங்கள் பொறுப்பு!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை