றொமெல் அமெரிக்கராய் வளர்ந்திருப்பின்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம்மவர் வாக்கு. எனினும், அப்பயிர் எந்த நிலத்தில் ஊன்றப்பட்டது, எந்த வாய்க்காலின் நீரைக் குடித்தது என்பனவற்றையும் அறியாது விளைவைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. வரலாற்று நூல்களை வாசிக்குந்தோறும், ஒருவரை அவர் பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்து வேறொரு மண்ணிலே நட்டுப் பார்ப்பது எமது நெடுநாள் வழக்கம். பொழுதுபோக்காகத் தொடங்கிய இவ்வழக்கம் எம்மை எளிதில் விடாத வினா ஒன்றிற் கொண்டுபோய் நிறுத்தியது. 'பாலைவன நரி' எனப் பகைவராலும் வியந்து பேசப்பட்ட ஜேர்மன் தளபதி ஏர்வின் றொமெல், அமெரிக்கச் சிறுவனாக வளர்ந்து அந்நாட்டின் படையதிகாரியாகியிருப்பின் அவர் வாழ்வு எவ்வாறு அமைந்திருக்கும்?

இஃது ஆகாயக் கோட்டையன்று. ஐசன்ஹோவரின் முன்னோர் 18ஆம் நூற்றாண்டிலே பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜேர்மானியர். கடற்படைத் தளபதி நிமிற்சின் பாட்டனாரும் ஜேர்மனியிலிருந்து சென்றவரே. வால்ற்றர் குறூகர் என்பாரோ 1881இற் பிரஷ்யாவிலேயே பிறந்தவர். சிறுவயதில் தாயாருடன் அமெரிக்கா சென்று, 1898இற் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, இரண்டாவது உலக மகாயுத்தத்திலே பசிபிக் களத்தில் 6ஆவது சேனையை நடத்தி, ஜெனரல் பதவியும் எய்தினார். எனவே, நாம் கற்பனையில் வகுக்கும் பாதையில் ஒருவர் உண்மையாகவே நடந்து போயிருக்கின்றார்.

றொமெல் 1891இல் வேட்டெம்பேர்க் நாட்டின் ஹைடன்ஹைம் நகரில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். ஐசன்ஹோவரிலும் ஓராண்டே இளையவர். அமெரிக்காவில் வளர்ந்திருப்பின், உவெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் 1915இல் வெளியேறிய வகுப்பிலே ஐசன்ஹோவருக்குப் பக்கத்து வாங்கில் அவர் அமர்ந்திருத்தல் கூடும். அவ்வகுப்பில் வெளியேறிய 164 பேரில் 59 பேர் பிற்காலத்திலே தளபதிகளாயினர்.

ஆயினும் புகழ் அவரை அவ்வளவு விரைவில் நாடியிராது. மெய்யான றொமெல் 1917இல் இத்தாலியின் மலைமுகடுகளிலே சில நாட்களுள் ஆயிரக்கணக்கானோரைச் சிறைப்படுத்தி, ஜேர்மனியின் அதியுயர் வீரவிருதினைப் பெற்றார். அதே யுத்தத்தில் ஐசன்ஹோவரோ தாய்நாட்டிலேயே தாங்கிப் படையினரைப் பயிற்றிக்கொண்டிருந்தார். அவர் கடல் கடக்குமுன் போர் முடிந்துவிட்டது. பின்னர் 1920 முதல் 1936 வரை அவர் மேஜர் பதவிக்கு மேல் உயரவில்லை. துடிப்பும் அவசரமும் நிறைந்த றொமெல் அந்த நீண்ட காத்திருப்பினைப் பொறுத்திருப்பாரா, சலிப்புற்று வேறு தொழிலை நாடியிருப்பாரா என்பது எமக்கு எழும் ஐயம்.

பொறுத்திருந்தால் அவர் அடையும் நலன் பெரிது. வட ஆபிரிக்காவிலே எரிபொருளும் வாகனங்களும் போதாமையால் அவர் பட்ட துன்பம் உலகறிந்தது. அமெரிக்கப் படைக்கு அக்குறை மிகச் சிறிது. ஆனால் அவர் இழப்பதும் ஒன்றுண்டு. மேலிடத்துக் கட்டளையைப் புறக்கணித்துப் பாய்ந்து முன்னேறும் அவர் வழக்கம், 1941இல் வெற்றி தந்தமையால் மன்னிக்கப்பட்டது. அவரைப் போன்ற இயல்பினரான அமெரிக்கத் தளபதி பற்றனின் கதை வேறு. 1943இற் சிசிலியிலே நோயுற்ற சிப்பாய்கள் இருவரை அறைந்தமைக்காக அவர் தம் படையினர் முன் மன்னிப்புக் கோர நேர்ந்தது. களத்தில் வென்ற தளபதியும் ஒரு சாதாரணச் சிப்பாயின் மானத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

எமது சிந்தனையின் மையம் இங்குதான் உள்ளது. அமெரிக்க அதிகாரி சத்தியம் செய்வது அந்நாட்டின் அரசியல் யாப்பின் பெயரால். ஜேர்மன் அதிகாரிகளோ 1934 ஆகஸ்ற் மாதத்தில் ஹிட்லர் என்னும் தனி மனிதருக்குப் பணிவோம் எனச் சத்தியம் செய்தனர். அத்துடன் றொமெலுக்கு வேறொரு கடனுமிருந்தது. 1939இற் தம் மெய்காவற் படையின் தலைமையையும், 1940இல் ஒரு தாங்கிப் படைப்பிரிவையும் ஹிட்லரே அவருக்கு அளித்தார். செஞ்சோற்றுக் கடனாற் கட்டுண்ட கர்ணனை இது எமக்கு நினைவூட்டுகின்றது. பாண்டவருடன் வளர்ந்திருப்பின் கர்ணன் என்னவாகியிருப்பான் என்று ஏங்காத தமிழ்ப் பிள்ளை யார்?

ஆனால் இவ்வொப்பினை நெடுந்தூரம் இழுத்தலாகாது. துரியோதனன் காத்தது ஓர் இராச்சியத்தை. ஹிட்லரின் ஆட்சி கொன்றது ஏறக்குறைய 60 இலட்சம் யூதரை. 1942இல் றொமெலின் படை எகிப்தினுட் புகுந்த வேளையில், அதன் பின்னே சென்று யூதரை அழித்தற்கென ஒரு தனிக்குழு அமைக்கப்பட்டுக் காத்திருந்தது. அவர் போர்முறையில் எத்துணை நேர்மை இருப்பினும், அவர் வென்ற ஒவ்வொரு மைலும் அக்கொலைஞருக்கு வழி திறந்தது.

அமெரிக்க மண் மாசற்றது என யாம் கூறவில்லை. அதே 1942இல், குற்றமேதும் சாட்டப்படாத ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வமிசத்தினர், பெரும்பாலோர் அந்நாட்டுப் பிரசைகள், முகாம்களில் அடைக்கப்பட்டனர். கட்டளையை நிறைவேற்றியவர்கள் யாப்பின்மேற் சத்தியம் செய்த அதிகாரிகளே. எமது கற்பனை றொமெலும் அதனைத் தயங்காது நிறைவேற்றியிருக்கலாம். எனினும் அந்நாடு 1988இற் சட்டமியற்றி மன்னிப்புக் கோரி, நட்டஈடும் வழங்கியது. நல்ல யாப்பு தவறே நிகழாது தடுத்துவிடாது. தவறு என்று எடுத்துரைப்பவனுக்கு நிற்க ஓரிடம் தரும்.

மெய்யான றொமெலுக்கு அவ்விடம் இருக்கவில்லை. ஹிட்லருக்கெதிரான சதியில் தொடர்புடையவர் என ஐயுறப்பட்டு, 1944 ஒக்டோபர் 14இல், குடும்பத்தின் பாதுகாப்பை விலையாகப் பேசி, நஞ்சருந்துமாறு கட்டாயப்படுத்தப்பட்டார். அவரை எதிர்த்து நின்ற ஐசன்ஹோவருக்கு 54 வயது நிறைந்ததும் அதே நாளில்.

தந்தையின் இறுதி நாளை வீட்டிலிருந்து கண்ட மகன் மன்பிறெட் அப்போது 15 வயதுச் சிறுவன். அவர் பிற்காலத்தில் குடியாட்சி ஜேர்மனியிலே, 1974 முதல் 1996 வரை ஸ்ருட்காட் நகரின் மேயராக விளங்கினார். அந்நகர்ப் புறத்தே பணிபுரிந்த அமெரிக்கத் தளபதியும் பற்றனின் மகனுமாகிய ஒருவருடன் நட்பும் பூண்டார். தந்தைக்கு யாம் கற்பனையில் அளித்த வாழ்வின் ஒரு பகுதி, நாடு மாறாமலே, ஆட்சி மாறியதனால் மகனுக்கு வாய்த்தது.

எமது கல்லூரி அன்னையின் மடியிலே ஒரே வாங்கில் இருந்தோர் இன்று பல நாடுகளிற் பல பதவிகளை வகிக்கின்றனர். திறமையை அவர்க்கு ஊட்டிய ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். இனி வரும் மாணவரிடம் யாம் வேண்டுவது ஒன்றே: உமது திறமையை ஒருவரிடம் ஒப்படைக்குமுன், நீர் எதன்மீது சத்தியம் செய்கின்றீர் என்பதைக் கேட்டறிந்துகொள்வீராக.