எந்த ஊர், எந்தக் கோயில்?

வலையபட்டி
கார்த்திகை

அன்பு வள்ளிக்கு,

இங்கே பெரிய வீட்டுப் பங்காளிகளுக்குள் மறுபடியும் சண்டை. இரண்டாங்கட்டுத் தேக்கு நிலையை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி விற்றது யார் என்று இந்தத் தடவை. யார் என்று ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன், சாவகாசமாக எழுத வேண்டிய விஷயம். முதலில் உன் மகள் சமாச்சாரம்.

உமையாள் தை மாதம் வருகிறாள், சென்னையில் இரண்டு ராத்திரி, பிறகு கல்கத்தா, அங்கிருந்து காசி, எல்லாவற்றுக்கும் போனிலேயே ரூம் பார்த்துவிட்டாள், ஒரு ராத்திரி 799 ரூபாய்தான், நீ ஒரு பார்வை பார்த்துச் சொல் என்று அனுப்பியிருக்கிறாய். பார்த்தேன். வெள்ளை விரிப்பு, அதன்மேல் அன்னப்பட்சி மாதிரி மடித்த துண்டு, கண்ணாடிக் குவளை, எல்லாம் லட்சணமாகத்தான் இருக்கின்றன. மாடிப்படி ஒரு படத்திலும் இல்லை. நான் தேடியது அதைத்தான்.

கரூர்க்காரர்கள் கதை நீ இருக்கிற ஈப்போ வரைக்கும் வந்ததோ என்னவோ. 2025 ஏப்ரல் 29, ராத்திரி சாப்பாட்டு வேளை. கல்கத்தா படாபஜார் பக்கம் மெச்சுவாபட்டியில் ரிதுராஜ் என்று ஆறு மாடி ஓட்டல், சிக்கனமாகத் தங்குகிற இடம். தீப்பிடித்தது. 14 பேர் போய்ச் சேர்ந்தார்கள், பெரும்பாலும் புகை மூச்சை அடைத்து. அதில் மூன்று பேர் கரூர் பக்கத்துக் குடும்பம்: ஒரு தாத்தாவும், பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும். பெற்றவர்கள் வெளியே போயிருந்த நேரம். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. பிறகு விசாரித்தால், தீயணைப்புத் துறைச் சான்று காலாவதியாகி மூன்று வருஷம். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். தங்க வந்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அங்கேயும் வெள்ளை விரிப்பு இருந்திருக்கும்.

டில்லி கரோல்பாக்கில் 2019 பிப்ரவரியில் ஒரு ஓட்டல் எரிந்து 17 பேர் செத்ததும் இதே கதைதான். விடியாத நேரம், நடைபாதை முழுக்க மரப்பலகை, புகை போக வழியில்லை.

நம் வீடுகளை நினைத்துப் பார். முகப்பில் நின்று கத்தினால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின் தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். முன் வாசல் ஒரு தெரு, பின் வாசல் இன்னொரு தெரு. மாமியாருக்குப் பயந்து நீ பின்வாசல் வழியாகச் சினிமாவுக்கு வந்ததை நான் மறக்கவில்லை. இப்படி வளர்ந்தவர்களுக்கு ஒரே படிக்கட்டும், அதன் அடியில் கிரில் கேட்டும், அந்தக் கேட்டுக்குப் பூட்டும் உள்ள கட்டடம் இருக்கும் என்றே தோன்றாது. அதனால் உமையாள் பணம் கட்டுவதற்கு முன்னால் ஓட்டலுக்கே போன் போட்டு, ராத்திரி கேட்டைப் பூட்டுவீர்களா, சாவி யாரிடம் இருக்கும், இறங்க இரண்டாவது வழி உண்டா என்று கேட்கட்டும். ஏசி ரூமென்றால் ஜன்னல் திறக்குமா என்பதையும். எதிர்முனையில் எரிச்சல் வந்தால் அதுவே பதில். இரண்டாவது, மூன்றாவது மாடியில் ரூம் கேட்கச் சொல். உச்சி மாடியில் காற்று வரும் என்பான், வரட்டும்.

நாம் ஊர் ஊராகப் போன காலத்தில் இந்தக் கவலையே இல்லை. பழனியோ ராமேசுவரமோ, நேரே நம் நகரத்தார் விடுதி. கணக்குப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து எந்த ஊர், எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யார் வீடு என்று கேட்பார். அப்பச்சி ஒவ்வொன்றாகச் சொல்வார். எங்கேயாவது முடிச்சு விழுந்து, "அடடே, நம்ம இலுப்பைக்குடிக்காரரா" என்றதும் சாவி வரும். அவர்கள் நம்மை விசாரித்தார்கள், நாம் அவர்களை விசாரித்ததில்லை. விசாரிக்க என்ன இருந்தது, நடத்தினதே நம் பங்காளிகள்தானே. இப்போது அடையாளமே தெரியாதவன் வீட்டில் படுக்கப் போகிறாள் பெண். அந்தக் கேள்விகளை இவள்தான் அவனிடம் கேட்க வேண்டும்.

பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஒழுங்காக நடக்கிற லாட்ஜென்றால் மாநகராட்சித் தொழில் உரிமமும் தீயணைப்புச் சான்றும் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருப்பான். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பச் சொன்னால் அரை நிமிஷ வேலை. படம் வந்தால் தேதியைப் பார்க்கச் சொல், கல்கத்தாவில் தவறினது அங்கேதான். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் அது 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலம், நம் தமிழ்நாட்டுக்கு 33, வங்காளத்துக்கு 19. அரசாங்க ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டால் காசில்லாமல் பெயர், ஊர், உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா எல்லாம் வந்துவிடும். பலகையில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர் என்றால் அங்கே நிற்க வேண்டாம். வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ள சின்ன விடுதிக்கு எண் இல்லாமலும் இருக்கலாம், அதற்காக அவனைக் கள்ளன் என்று சொல்லிவிடாதே. எண் இருப்பதால் இரண்டாவது படிக்கட்டு இருக்கும் என்றும் நினைத்துவிடாதே.

உங்களுக்கென்று இன்னொரு சோதனை இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். சி ஃபாரம் என்றுதான் இன்னும் எல்லாரும் சொல்கிறார்கள். உமையாளுக்கு மலேசியா பாஸ்போர்ட் என்று முதலிலேயே சொல்லிப் பார்க்கட்டும். "அதெல்லாம் வேண்டாம் மேடம், லோக்கல் ஆதார் யாருதாவது கொண்டாங்க" என்று ஒருத்தன் சொன்னால், அவனிடம் எந்தக் காகிதமும் இல்லை என்று வைத்துக்கொள்.

மாப்பிள்ளைப் பையனும் கூட வருகிறாராமே! நிச்சயம்தான் ஆகியிருக்கிறது, கல்யாணம் ஆகவில்லை. 2019-இல் கோயம்புத்தூரில் இப்படி ஒரு ஜோடி தங்கியதற்காகத் தங்குமிடத்துக்கே சீல் வைத்தார்கள், கல்யாணம் ஆகாதவர்கள் சேர்ந்து தங்குவதைத் தடுக்கச் சட்டம் ஒன்றும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சீலை எடுக்கச் சொன்னது. சட்டம் தடுக்கவில்லை, நான் தடுக்கிறேன். இரண்டு ரூம்.

சிட்டாள் மகள் மதுரையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், தெரியுமா? சம்பளம் பற்றிச் சிட்டாள் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள். மகளுக்குச் சிட்டாள் ஹாஸ்டல் பார்க்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். மதுரை என்றாலே எனக்கு அந்தக் கட்ராபாளையம் நினைப்புதான். 2024 செப்டம்பர் 12, விடியற்காலை, பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்து, புகையில் இரண்டு ஆசிரியைகள் செத்துப்போனார்கள். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கம், ஊருக்கு நடு மத்தியில். கட்டடம் பழசு, மாநகராட்சி ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்த கட்டடம். 2014-இல் பொள்ளாச்சி விடுதியில் இரண்டு சிறுமிகளுக்கு நடந்த அக்கிரமத்துக்குப் பிறகு, பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. கலெக்டர் உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. சட்டம் வந்து பத்து வருஷம் கழித்துத்தான் மதுரைத் தீ. அதற்குப் பிறகுதான் பல ஊர்களில் ஓடி ஓடிக் கணக்கெடுத்தார்கள்.

நாங்கள் பார்த்த முதல் விடுதியில் உரிமம் எங்கே என்று நான் கேட்டதற்கு, "அப்ளை பண்ணியிருக்கோம் ஆச்சி" என்றார் நடத்துகிற அம்மா. எப்போது என்றேன். காபி வந்தது, பதில் வரவில்லை. நல்ல காபி. சிட்டாளுக்கு என்மேல் கோபம், வாடகை குறைவாம். வேலைக்குப் போகிற பெண்களுக்கான அரசாங்கத்துத் தோழி விடுதியில் இடம் தேடியிருக்கலாமோ என்று இப்போது புலம்புகிறாள். கடைசியில் உரிமம் உள்ள வேறோர் இடத்தில் சேர்த்திருக்கிறோம், மாதம் ஆயிரம் ரூபாய் கூட.

காசிக்கு உமையாள் போனில் பார்த்த ரூமே வேண்டாம். நம் நகரத்தார் சத்திரம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. போதாததற்குச் சிக்ராவில் 140 அறையோடு புதுக் கட்டடம் கட்டி, 2025 அக்டோபரில் துணை ஜனாதிபதி வந்து திறந்து வைத்தார். ஆனால் ஒன்று. கூகுளில் தேடி முதலில் வருகிற நம்பருக்குப் பணம் போட்டுவிடப் போகிறாள். கோயில் ஊர்களில் போலி இணையதளம் நடத்திப் பக்தர்களிடம் பிடுங்குகிறார்கள் என்று உள்துறை அமைச்சகமே 2025 ஏப்ரலில் எச்சரித்தது, சோமநாதர் விருந்தினர் இல்லத்தின் பெயரில்கூட நடந்திருக்கிறது. சத்திரத்து நம்பரை நான் இங்கே நகரத்தார் சங்கத்தில் வாங்கித் தருகிறேன். அப்படியும் எங்கேயாவது காசு போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான 1930-ஐக் கூப்பிடச் சொல். உடனே என்றால் அன்றைக்கே.

சென்னைக்குப் பார்த்த அந்த 799 ரூபாய் இடத்தின் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு. நானே பேசுகிறேன். என் குரலைக் கேட்டுப் பொய் சொன்னவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு, உன் சின்ன மாமியார் ஒருத்தர்தான். தேக்கு நிலையை விற்றதும் அவர் பேரன்தான், இதை மட்டும் உன் வீட்டுச் செட்டியாரிடம் சொல்லிவிடாதே.

உன்
அலமேலு