மணமும் மருந்தும்

கலைப்பீட மாணவன் பூச்சிகளைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் கத்தரியும் மிளகாயும் தரும் வருவாயிற் கல்வி பெறும் எனக்கு இப்பொருள் புறம்பானதன்று.

கறுவா இலையிலிருந்து வடிக்கப்படும் எண்ணெயில் யூஜினோல் என்னும் பொருள் மிகுந்துள்ளது. பூச்சியின் நரம்பியக்கத்தைக் குலைக்கும் இது வெயிலிலும் காற்றிலும் விரைவில் ஆவியாகிவிடும். காயில் நஞ்சு நெடுநாள் தங்காமைக்கும், அடிக்கடி விசிறவேண்டியிருப்பதற்கும் காரணம் அதுவே. எண்ணெய் நீருடன் தானாகக் கலவாமையாற் சவர்க்காரமும் சேர்க்கவேண்டும். அளவு மிகுந்தால் இலை கருகும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் பூச்சிநாசினிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீங்கியது. அவ்விடைக்காலத்தில் என் தந்தையார் கேட்டது ஒன்றே: “எந்தப் பூச்சிக்கு எந்த எண்ணெய்? எவ்வளவு நீருக்கு எத்தனை துளி?” விடைகூற எவரும் எங்கள் தோட்டத்திற்கு வரவில்லை.

நஞ்சு விசிறிய நாட்களில், எத்தனை முறை கழுவியும் தம் கையால் உண்ண அஞ்சியவர் அவர். ஆதலின் தாவர எண்ணெய்களை அவர் வெறுத்தாரல்லர். ஆனால் கட்டளை ஓரிரவிற் பிறக்கலாம். பயிரறிவோ போகந்தோறும் சோதித்தே பிறக்கும். ஆய்வுகூடத்துக் குப்பிக்கும் கத்தரிப் பாத்திக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பது பல்கலைக்கழகத்தின் கடமையன்றோ?