எலுமிச்சம்பழத்தால் தீராத குமட்டல்

திருப்பூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நாலு தையல் மெஷின் ஓடுகிறது. ஓவர்லாக்கில் ஊசி மழுங்கினால், அடுப்படியில் இருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு, எங்கள் காரின் சத்தத்தை இரண்டு வாரம் கோட்டை விட்டேன் சகோதரிகளே!

பழைய கார். தைத்த பனியன் மூட்டைகளை டிக்கியில் திணித்து, கதவு மூடாமல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போவோம். பின் சீட்டில் நானும் ஐந்து வயசு மகனும். மேம்பாலம் ஏற ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 'டிக் டிக் டிக்' என்று கேட்கும். மிதிக்க மிதிக்கக் கூடும். காலை எடுத்தால் அடங்கும்.

"ஏனுங்க, என்ன சத்தமுங்க அது?"

"பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார் என்னவர்.

அந்த நாட்களில் பையன் காரில் ஏறினாலே "தலை வலிக்குதும்மா" என்பான். குமட்டும், பிறகு தூங்கி விழுவான். கார் ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்து வாசலில் காற்றாட உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஒருநாள் எனக்கும் அதே தலைவலி வந்தது. அப்போதுதான் பொறி தட்டியது.

மெக்கானிக் வண்டியை நிறுத்திவைத்தே ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தார். சத்தம் வந்தது. "நின்ன இடத்துல வந்தா என்ஜின் பக்கமுங்க்கா. ஓடும்போது மட்டும் வந்தா சக்கரம், கியர் பக்கம் பாக்கோணும்" என்றார். என்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருந்தது; சுற்றிலும் கரி. "இது பாதிதானுங்க. டிக்கியத் திறந்துபோட்டு ஓட்டினா, பின்னால போற புகையும் உள்ளதான் வரும்" என்றார்.

எனக்கு ஈரக்குலை நடுங்கியது. டாக்டரிடம் ஓடினோம். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லையாம். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ரத்தத்தைப் பற்றிக்கொள்ளுமாம். தூக்கம் என்று நான் தட்டிக்கொடுத்தது, மயக்கத்தின் ஆரம்பமாக இருந்திருக்கலாம்!

மற்றச் சத்தங்களையும் மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வேகம் கூட்டும்போது 'கீச்' என்றால் பெரும்பாலும் பெல்ட் வழுக்கும். வளைவில் 'டக் டக்' என்றால் முன்சக்கர ஆக்சில் மூட்டு தேய்ந்திருக்கலாம். வேகத்தோடு 'ஊ...' என்று இரைச்சல் ஏறினால் சக்கர பேரிங். எதையும் தள்ளிப்போடக் கூடாது. புகைக்குழாய்ச் சத்தத்தை ஒருநாள்கூடப் பொறுக்கக் கூடாது.

காரில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கம் வந்தால் உடனே வண்டியை நிறுத்தி வெளியே இறங்குங்கள். வெளிக்காற்றில் தெளிந்துவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள்.

இப்போது டிக்கி மூடினால்தான் எங்கள் வண்டி நகரும். மிச்ச மூட்டை அடுத்த நடைக்கு. பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுகப் பேசிக்கொண்டே வருகிறான். எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்குப் போகிறது.