கதவருகே திரும்பி நிற்பவர்

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பணக்கார வீடு. வாசலில் நிற்கும் போலீஸ் வண்டிகளுக்குப் பின்னால் சாயம் போன பழைய பெஜோ 403 ஒன்று வந்து நிற்கிறது. இறங்குகிறவர் குட்டையான மனிதர். கலிஃபோர்னியா வெயிலில் கசங்கிய மழைக்கோட்டு, விரலிடுக்கில் பாதிச் சுருட்டு. குறிப்பெடுக்கப் பென்சில் தேடி ஒவ்வொரு பாக்கெட்டாகத் தட்டிப் பார்க்கிறார். கிடைப்பதாக இல்லை. கடைசியில் வீட்டுக்காரரிடமே கேட்டு வாங்குகிறார். பென்சிலை நீட்டுகிறவன்தான் கொலையாளி.

அது நமக்கு முன்பே தெரியும். ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் ‘கொலம்போ’ என்ற தொலைக்காட்சித் துப்பறியும் கதைகளை அப்படித்தான் கட்டினார்கள். யார், ஏன், எப்படி என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். அதன் பிறகு துப்புத் தேடும் வேலை நமக்கில்லை. முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 1968இல் ஒரு தனிப்படமாக வந்து, 1971 முதல் தொடராக ஓடி, 2003 வரை நீண்ட 69 கதைகளில் எதைப் போட்டாலும் நான் பார்ப்பது இதைத்தான்.

கொலையாளியின் பார்வை முதலில் கோட்டின் மேல் விழும். அங்கிருந்து கலைந்த தலைக்குப் போகும். இவரா விசாரிக்கப்போகிறார் என்ற நிம்மதி உதட்டோரம் வந்து உட்காரும். அவன் அறுவை மருத்துவனாக இருப்பான். இசைக்குழு நடத்துநனாகவோ சதுரங்க வீரனாகவோ துப்பறியும் கதை எழுதுபவனாகவோ இருப்பான். கொலம்போ மரியாதையாக ‘சார்’ போடுகிறார். உங்களைச் சந்தித்தேன் என்றால் என் மனைவி நம்பமாட்டாள் என்கிறார். அந்த மனைவியை நாம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வீட்டின் விலையை வியக்கிறார், காலணி எங்கே வாங்கினீர்கள் என்கிறார். எதிரில் இருப்பவன் இரக்கப்பட்டு விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறான். கேட்காததற்கும் பதில் சொல்கிறான். தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆள் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி அவனுக்கு.

பிறகு கொலம்போ விடைபெறுகிறார். கொலையாளியின் தோள் தளர்கிறது, கை மதுக்கோப்பையை நோக்கிப் போகிறது. கதவுவரை போனவர் நெற்றியில் கைவைத்துத் திரும்புகிறார். ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு, சார்.’ அதுவரை கேட்டதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான். இந்த வழக்கம் பிறந்த விதம் எனக்குப் பிடிக்கும். எழுதி முடித்த ஒரு காட்சி நீளம் போதாமல் போக, பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்ய மனமில்லாமல், வெளியே அனுப்பியவரைக் கதவிலிருந்து திரும்ப அழைத்தார்களாம்.

கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக் இல்லாமல் இந்த ஆளை நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூன்று வயதில் புற்றுநோய்க்கு வலது கண்ணை இழந்தவர் அவர். அங்கே இருந்தது கண்ணாடிக்கண். அந்த ஒன்றரைப் பார்வையோடு தலையைச் சாய்த்து ஒரு பொருளை அவர் பார்க்கும்போது, உடம்பே பார்க்கிறது. மழைக்கோட்டும் அவருடைய சொந்தக் கோட்டுதான். நியூயார்க்கில் மழையில் மாட்டிக்கொண்டபோது வாங்கியது.

கொலம்போவின் பணிவும் வியப்பும் வெறும் வேஷம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. 1973இல் வந்த ஒரு கதையில் ஏட்ரியன் கார்சினி என்ற ஒயின் ரசிகர் வருகிறார். டொனால்டு பிளெசன்ஸ் நடித்தது. ஒயின் தோட்டத்தை விற்கப்பார்த்த தம்பியை அடித்து வீழ்த்தி, கட்டிப்போட்டு, பாதாள அறையின் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். தம்பி மூச்சுமுட்டிச் சாகிறான். கொலம்போ ஒயினைப் பற்றிக் கடைக்காரரிடம் பாடம் கேட்கிறார், கார்சினியிடமும் கேட்கிறார். அந்த ஆர்வத்தில் பொய் இல்லை. பின்னர் அவரை விருந்துக்கு அழைத்து ஒரு பழைய போர்ட் ஒயினை ஊற்ற வைக்கிறார். ஒரு மிடறு உள்ளே போனதும் கார்சினி கொதித்தெழுகிறார்: இது வெப்பம் தாக்கிக் கெட்டுப்போன ஒயின்! உணவகமே திரும்பிப் பார்க்கிறது. அந்தப் புட்டி அவருடைய பாதாள அறையிலிருந்தே எடுத்து வந்தது. உலகத்தில் வெகுசிலருக்கே வாய்த்த நாக்கு, அதுவே சாட்சி சொல்லிவிட்டது. ஒயினை அந்த அளவுக்குக் காதலிக்காதவர் தப்பியிருப்பார். கைதுசெய்து கூட்டிப்போகும் வழியில் கொலம்போ காரை நிறுத்தி, நல்ல ஒயின் ஒன்றைத் திறந்து அவரோடு பகிர்ந்து குடிக்கிறார். கொன்றவரை மதிக்க முடிகிறது, கொலையை மன்னிக்க முடியவில்லை. இந்த இரண்டையும் ஒரே முகத்தில் ஃபாக் வைத்திருந்தார்.

இன்னொரு கதையில் வரும் டேல் கிங்ஸ்டன் விஷயத்தில் அந்த மதிப்பு கிடையாது. கலை விமர்சகன், ஓவியங்களுக்காக மாமனைக் கொன்று, துணைநின்ற பெண்ணையும் கொன்றவன். பழி அத்தைமேல் விழ, திருடிய இரண்டு டேகா ஓவியங்களை அவள் வீட்டில் ஒளித்து வைக்கிறான். ஓவியங்கள் அகப்படுகின்றன. கொலம்போ ரேகை எடுக்கச் சொல்கிறார். அவர் தேடுவது தன் ரேகையை. முன்பொரு நாள் கிங்ஸ்டன் வீட்டில், அவன் கையிலிருந்த பொதிக்குள் என்ன படம் என்று ஆசையாகக் கைவிட்டாரே, அன்று பதிந்தது. ஓவியம் அன்று அவனிடம் இருந்தது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

ரேகை கிடைத்துவிடுகிறது. கிங்ஸ்டன் கத்துகிறான்: இப்போதுதான் தொட்டிருக்கிறார், இது சூழ்ச்சி! கொலம்போ ஒன்றும் பேசவில்லை. கோட்டுப் பாக்கெட்டிலிருந்து இரண்டு கைகளையும் மெல்ல எடுத்து உயர்த்துகிறார். இரண்டிலும் கையுறை. ஓயாமல் எதையாவது எடுத்துப் பார்த்து நோண்டிக்கொண்டே இருக்கும் இந்த மனிதர் இன்று ஏன் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறார் என்று கிங்ஸ்டனுக்குத் தோன்றவேயில்லை.